ஓசி ஓட்டம் வந்து கிளப் ரேஸை காலி பண்ணிடுச்சா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிரிட்டன்ல சனிக்கிழமை காலையில இலவசமா நடக்கிற பார்க்ரன்ங்கிற ஓட்டம் பத்தி சின்னதா ஒரு பத்தி போட்டிருந்தோம், "இது வந்ததுல கிளப் ரேஸ்களுக்கு அடி விழுந்திருக்கு"ன்னு ஒரு வரி அதுல இருந்துச்சு. (கிளப்னா ஓட்டக்காரங்க சந்தா கட்டிச் சேர்ற சங்கம்.) அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கேள்வி வந்திருக்கு. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிருக்கேன்.

கேள்வி: அண்ணா, பார்க்ரன்னா என்னன்னு ஆரம்பத்துலருந்து சொல்லுங்க. காசே வாங்காம எப்படி வாரா வாரம் நடத்துறாங்க? இதுல ஏதாவது உள்குத்து இருக்கா?
– வாசகர், ஹாரோ

பதில்: உள்குத்தெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. 2004 அக்டோபர் 2-ம் தேதி லண்டன் டெடிங்டன் பக்கத்துல இருக்கிற புஷி பார்க்ல 13 பேர் ஓடினாங்க, அதான் ஆரம்பம். நடத்தினவர் பால் சின்டன்-ஹெவிட். அவரே ஒரு கிளப் ரன்னர்தான், அடிபட்டு ஓட முடியாம இருந்த நேரம், கூட ஓடுற ஆளுங்களோட தொடர்பு விட்டுப்போயிடக் கூடாதுன்னு, நான் டைம் எடுக்கிறேன் நீங்க ஓடுங்கன்னு ஆரம்பிச்சது. அப்போ பேரு கூட டைம் ட்ரையல்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கிளப்பை ஒழிக்க வந்ததுன்னு இன்னைக்கு சிலர் சொல்றது ஒரு கிளப்காரர் கையிலருந்து பிறந்தது. 2007-ல விம்பிள்டன்ல ரெண்டாவது இடம் வந்துச்சு, அதுக்கப்புறம் நாடு முழுக்க பரவிடுச்சு.

நடக்கிற விதம் ரொம்ப சிம்பிள். ஒரே ஒரு தடவை பதிவு பண்ணா உங்களுக்குன்னு ஒரு பார்கோடு வரும். சனிக்கிழமை காலையில 9 மணி, ஸ்காட்லாந்துலயும் வட அயர்லாந்துலயும் 9:30, 5 கிலோமீட்டர். முடிவுக் கோட்டைத் தாண்டினதும் ஒருத்தர் டைமரை அழுத்துவார், அப்படியே கயிறு கட்டின வரிசைக்குள்ள போனா அடுத்தவர் உங்க இடத்துக்கான நம்பர் போட்ட டோக்கனை கையில குடுப்பார், கொஞ்சம் தள்ளி இன்னொருத்தர் உங்க பார்கோடையும் டோக்கனையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுவார், அவ்வளவுதான், கொஞ்ச நேரத்துல ரிசல்ட் மெயில்ல வந்துடும். ஆரம்ப காலத்துல டோக்கனுக்கு பதிலா ஹார்ட்வேர் கடையில விக்கிற இரும்பு வாஷர்ல நம்பர் குத்தி குடுத்தாங்களாம். இப்போ பிளாஸ்டிக்கு, ஆனா அதையும் மறந்து பாக்கெட்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போற ஆளுங்க வாரா வாரம் இருக்காங்க, தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க.

இத்தனை பேரும் வாலன்டியர்ஸ், யாருக்கும் சம்பளம் கிடையாது. மேல இருக்கிற அமைப்பு ஒரு சாரிட்டி, ஸ்பான்சர் காசுலயும் நன்கொடையிலயும் ஓடுது. சாலையை மூட வேண்டாம், டைம் எடுக்கிற சிப் வேண்டாம், மெடல் வேண்டாம், அதனால செலவு கம்மி.

கேள்வி: வணக்கம் சார். எங்க கிளப் வருஷா வருஷம் ஒரு 5 கிலோமீட்டர் ஓப்பன் ரேஸ் நடத்தும். ஒரு காலத்துல பேர் குடுக்க அடிச்சுப் பிடிச்சு வருவாங்க, இப்போ என்ட்ரி பாதியா குறைஞ்சுடுச்சு. கமிட்டியில பாதிப் பேர் பார்க்ரன்தான் எமன்னு சொல்றாங்க, மீதிப் பேர் நம்ம சோம்பேறித்தனம்தான்னு சொல்றாங்க. உங்க கருத்து?
– ஒரு கிளப் செயலாளர், க்ராய்டன்

பதில்: ரெண்டு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் சரி, ஆனா ரெண்டு பேருமே முக்கியமான இடத்தைப் பார்க்கலன்னு எனக்குத் தோணுது.

முதல்ல எமன் கதையைப் பார்ப்போம். பிரிட்டன்ல கிளப் ஓட்டக்காரங்களோட வேகம் இறங்க ஆரம்பிச்சது பார்க்ரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. 1985-ல ஸ்டீவ் ஜோன்ஸ்னு ஒருத்தர், ராயல் ஏர் ஃபோர்ஸ்ல வேலை பார்த்துட்டே ஓடினவர், சிகாகோ மாரத்தான்ல 2 மணி 7 நிமிஷம் 13 செகண்ட் ஓடினார். அந்த பிரிட்டிஷ் ரெக்கார்டை உடைக்க 2018-ல ஒலிம்பிக் சாம்பியன் மோ ஃபாரா வர வேண்டியதா இருந்துச்சு, 33 வருஷம். சிகரத்துல மட்டும் இல்ல, அதுக்குக் கீழ இருந்த கூட்டமும், அதாவது 2 மணி 20 நிமிஷத்துக்குள்ள மாரத்தான் முடிக்கிற சாதாரண கிளப் ஆளுங்க, எண்பதுகளுக்கு அப்புறம் குறைய ஆரம்பிச்சுட்டாங்க. இந்த இறக்கம் ஆரம்பிச்சப்போ பார்க்ரன்னு ஒண்ணே கிடையாது சார்.

இன்னொண்ணு பாருங்க, 2018-ல லண்டன் பார்லிமென்ட் ஹில்ல நடந்த இங்கிலாந்து நேஷனல் கிராஸ் கன்ட்ரியில, அதாவது சேறும் மேடுமா இருக்கிற திறந்த வெளியில ஓடுற போட்டியில, ஆண்கள் ரேஸ்ல மட்டும் 2,000 பேருக்கு மேல முடிச்சாங்க. பார்க்ரன் வந்து 13 வருஷம் ஆன பிறகு! கிளப் பனியன் போட்டாத்தான் உள்ளயே விடுவாங்க அந்தப் போட்டியில. செத்துப்போன விளையாட்டுக்கு இவ்வளவு பேர் சேத்துல இறங்க மாட்டாங்க.

அப்போ உங்க ரேஸ் ஏன் படுத்துடுச்சு? ஏன்னா நீங்க வித்தது என்னன்னு யோசிங்க. முன்னாடியெல்லாம் "நான் 5 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்துல ஓடுவேன்"னு தெரியணும்னா காசு குடுத்து ரேஸுக்குத்தான் வரணும், வேற வழியில்ல. அந்த ஒரு விஷயத்தை பார்க்ரன் வாரா வாரம் ஓசியில குடுக்குது, உங்க வயசுக்கு நீங்க எவ்வளவு வேகம்னு ஒரு சதவீதம் வேற போட்டுத் தருது. நீங்களோ லைசென்ஸ், இன்சூரன்ஸ், முதலுதவி ஆளுங்க, போக்குவரத்து ஏற்பாடு, சிப் டைமிங், டாய்லெட் வாடகைன்னு எல்லாத்தையும் கூட்டி தலைக்கு இவ்வளவுன்னு வாங்கணும், அதுக்கு மேல கிளப்ல இல்லாதவங்கன்னா ரொம்ப வருஷமா இருக்கிற அந்த கூடுதல் கட்டணம் வேற. டைம் மட்டும்தான் வேணும்ங்கிற ஆள் ஏன் வருவான்?

ஆனா டைமைத் தாண்டி நிறைய இருக்கு. சைக்கிள் சக்கரத்துல ஜோன்ஸ் கவுன்ட்டர்னு ஒரு கருவியை மாட்டி, வளைவுல எல்லாம் ஓட்டக்காரன் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டைப் பிடிச்சு அளந்து சான்றிதழ் வாங்குவாங்களே ரோடு ரேஸ் பாதைக்கு, அந்தத் துல்லியம் பூங்காவுல மூணு சுத்து, நடுவுல நாயும் குழந்தைங்க தள்ளுவண்டியும், அக்டோபர் வந்தா வழுக்குற இலைன்னு இருக்கிற பாதையில வராது. அதே மாதிரி நம்ம வேகத்துல ஓடுற 20 பேர் ஒரே இடத்துல சேர்றதும் பார்க்ரன்ல எல்லா வாரமும் கிடைக்காது. உங்க ரேஸை கோடைகாலத்து வார நாள் சாயந்திரத்துக்கு மாத்துங்க, தட்டையான பாதை, வேகத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சு ரெண்டு மூணு ரேஸ், டீம் பரிசுன்னு வைங்க. சனி ஞாயிறு காலையில எல்லாருக்கும் பொதுவா ஒரு ரேஸ்னு வச்சா பார்க்ரனோட மோதி ஜெயிக்க முடியாது, மோதவும் வேண்டாம்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். பார்க்ரனால உண்மையிலேயே மாறினது கூட்டம் மட்டும் இல்ல, பழக்கம். ஓடுறவங்க பல மடங்கு கூடிட்டாங்க, போட்டி போடுறவங்க அந்த அளவுக்குக் கூடல. பார்க்ரன்ல வளர்ந்த ஓட்டக்காரன் தன் பழைய டைமோடதான் மோதுறான். முன்னாடி போறவனைப் பிடிக்கணும், பின்னாடி மூச்சு விடுறவனை விடக்கூடாது, 43-வது இடமா 44-வது இடமாங்கிறதுக்காக கடைசி 200 மீட்டர்ல உயிரைக் குடுக்கணும்ங்கிறதெல்லாம் அவனுக்குப் பழக்கமில்ல, தேவையும் படல. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கிளப் ரேஸுங்கிறதே அந்த 43-வது இடத்துலதான் இருக்கு. கிராஸ் கன்ட்ரியில டீமோட இடங்களைக் கூட்டி, யாருக்குக் கம்மியா வருதோ அவங்கதான் ஜெயிப்பாங்க. நேஷனல்ல ஆண்கள் டீமுக்கு ஆறு பேரைக் கணக்கு எடுப்பாங்க, அந்த ஆறாவது ஆள் யாருக்கும் பேர் தெரியாத ஒருத்தரா இருப்பார், ஆனா அவர் ரெண்டு பேரைத் தாண்டினா மொத்த டீமும் மேல ஏறும். இந்த ருசியை ஒரு தடவை காட்டிட்டா ஆள் தானா வருவாங்க. அதைக் காட்டாம கமிட்டியில உட்கார்ந்து புலம்பினா ஒண்ணும் நடக்காது, கோவிச்சுக்காதீங்க.

ஒரு யோசனை. உங்க ஊர் பார்க்ரன்ல ஒரு சனிக்கிழமை எல்லா வாலன்டியர் வேலையையும் உங்க கிளப்பே எடுத்துக்கட்டும், நிறைய கிளப் இதைப் பண்றாங்க. எல்லாரும் கிளப் பனியன்ல நில்லுங்க. நோட்டீஸ் குடுக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: என் பையனுக்கு 16 வயசு, கிளப்ல இருக்கான். காலையில பார்க்ரன் ஓடிட்டு மதியம் கிராஸ் கன்ட்ரி லீக்குக்கும் போறேன்னு அடம்பிடிக்கிறான். விடலாமா?
– ஒரு அம்மா, சட்டன்

பதில்: வேண்டாம்மா. லண்டன் பக்கம் பல லீக் சனிக்கிழமை மதியம்தான் நடக்குது, காலையில காலைக் காலி பண்ணிட்டு மதியம் சேத்துல ஸ்பைக்ஸ் (அடியில ஆணி வச்ச ஷூ) போட்டு இறங்கினா டீமுக்கும் பிரயோஜனம் இல்ல, அவனுக்கும் வலிதான் மிச்சம். லீக் இருக்கிற சனிக்கிழமை பார்க்ரன்ல வாலன்டியரா நிக்கச் சொல்லுங்க, இல்லேன்னா உங்க கூட பேசிட்டே மெதுவா ஓடட்டும். கோச் என்ன சொல்றார்னும் கேளுங்க.

கேள்வி: பார்க்ரன் வெப்சைட்ல இருந்த ரெக்கார்ட் எல்லாத்தையும் தூக்கிட்டாங்களே, வேகமா ஓடுறவங்க மேல அப்படி என்ன வெறுப்பு?
– வாசகர், ரெடிங்

பதில்: 2024 பிப்ரவரியில பண்ணாங்க. ஒவ்வொரு இடத்தோட வேக ரெக்கார்ட், ஆண்கள்ல 17 நிமிஷத்துக்குள்ள ஓடினவங்க பட்டியல் இதெல்லாம் போச்சு. புதுசா வர்றவங்க, நடக்கிறவங்க, இதைப் பார்த்துட்டு "இது நமக்கில்ல"ன்னு ஒதுங்கிடக் கூடாதுங்கிறது அவங்க சொன்ன காரணம். பெரிய சத்தம் போட்டாங்க நிறைய பேர், கையெழுத்தெல்லாம் வாங்கினாங்க. என்னைக் கேட்டா அந்தப் பட்டியல் இருந்திருக்கலாம், யார் வயித்துலயும் அது அடிக்கல. புஷி பார்க்ல 2012 ஆகஸ்ட்ல, லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 1500 மீட்டர் ஓடின கையோட, ஆண்டி பேட்லி வந்து 13 நிமிஷம் 48 செகண்ட்ல முடிச்சார். அதே பாதையில அதே காலையில குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டு ஓடினவங்களும் இருந்திருப்பாங்க, அதுதானே இதோட அழகு, அதை ஏன் மறைக்கணும்? ஆனா வெறுப்புன்னு சொல்றது அதிகம். உங்க டைமும் இடமும் இன்னமும் ரிசல்ட்ல வருது. "இது ரேஸ் இல்ல, ரன்"னு அவங்க ரொம்ப வருஷமாவே சொல்லிட்டு வர்றாங்க, இப்போ சொன்னபடி நடந்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். சொல்லப்போனா கிளப்புகளுக்கு இது நல்ல வாய்ப்பு, ரெக்கார்டும் போட்டியும் வேணும்னா எங்ககிட்ட வாங்கன்னு கூப்பிடலாம்ல.

கேள்வி: பூங்காவை வாரா வாரம் இத்தனை பேர் மிதிக்கிறாங்க, கவுன்சில் காசு கேட்டா என்ன தப்பு?
– வாசகர், பிரிஸ்டல்

பதில்: உங்க ஊர்ப் பக்கத்துலதான் அது நடந்துச்சு! 2016-ல லிட்டில் ஸ்டோக் பூங்காவுக்கு ஸ்டோக் கிஃபோர்ட் பாரிஷ் கவுன்சில், அதாவது அந்த ஊர் உள்ளாட்சி, கட்டணம் கேட்டாங்க, பார்க்ரன் முடியாதுன்னு சொல்லி அந்த இடத்தையே விட்டுட்டு வந்துட்டாங்க. பாதை தேயுது, பார்க்கிங் நிரம்புதுங்கிற கவுன்சில் பக்கத்து நியாயத்தை நான் ஒரேயடியா தள்ள மாட்டேன். ஆனா ஒரு இடத்துல 1 பவுண்டு வாங்க ஆரம்பிச்சா எல்லா இடத்துலயும் ஆரம்பிக்கும், அப்புறம் அதுவும் நம்ம க்ராய்டன் செயலாளர் நடத்துற ரேஸ் மாதிரி ஆயிடும். 2018-லருந்து டாக்டருங்களே நோயாளிகளை பார்க்ரனுக்குப் போகச் சொல்ற ஏற்பாடு, குடும்ப மருத்துவர்களோட ராயல் காலேஜ் சேர்ந்தே நடத்துறாங்க. மாத்திரை செலவு மிச்சமாகிற கணக்கையும் கவுன்சில் பார்க்கணும்ல.

கேள்வி: அண்ணே, வயசு 34, பார்க்ரன்ல 19 நிமிஷம் 40 செகண்ட்ல (19:40) ஓடுறேன். கிளப்ல சேரணுமா? வாரா வாரம் ஓசியில ஓடுறப்போ சந்தா கட்டி எனக்கு என்ன கிடைக்கப்போகுது?
– வாசகர், லெஸ்டர்

பதில்: கேள்வியிலயே கொஞ்சம் கஞ்சத்தனம் தெரியுதே தம்பி! சேருங்க. கணக்கா சொல்லணும்னா, சந்தாவோட இங்கிலாந்து அத்லெடிக்ஸ் பதிவும் போட்டுட்டா லைசென்ஸ் உள்ள ரேஸ்ல அந்த கூடுதல் கட்டணம் இல்ல. லண்டன் மாரத்தானுக்கு கிளப்புகளுக்குன்னு தனியா சில இடம் ஒதுக்குவாங்க, உள்ளுக்குள்ள குலுக்கல் போட்டுக் குடுப்பாங்க. அதே மாரத்தான்ல சாம்பியன்ஷிப் என்ட்ரின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நல்ல டைமும் வேணும், அங்கீகாரம் உள்ள கிளப்ல உறுப்பினராவும் இருக்கணும். எவ்வளவு வேகமா ஓடினாலும் பார்க்ரன் பார்கோடை நீட்டி அதுல நுழைய முடியாது.

ஆனா இதெல்லாம் ரெண்டாம்பட்சம். 19:40-ல நிக்கிறீங்கன்னா தனியா ஓடி ஓடி அங்கேயே மாட்டிக்கிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். எல்லா சனிக்கிழமையும் முழு மூச்சுல ஓடுறீங்க, மத்த நாள்ல அரைகுறை வேகத்துல ஓடுறீங்க, நிறைய பேர் இப்படித்தான். கிளப்ல வாரத்துல ஒரு நாள் சாயந்திரம் டிராக்ல 400 மீட்டர், 800 மீட்டர்னு துண்டு துண்டா ஓட வைப்பாங்க, உங்களை விட பத்து செகண்ட் வேகமான ஆள் முன்னாடி போவான், அவன் முதுகைப் பார்த்து ஓடுறதுதான் பயிற்சி. பார்க்ரனை விட்டுட வேண்டாம், மாசத்துக்கு ஒரு தடவை முழு வேகம், மத்தபடி ஜாலியா ஓடுங்க, ரெண்டு தடவை வாலன்டியர் பண்ணுங்க.

பெரும்பாலான கிளப்ல முதல் சில வாரம் சும்மா வந்து பார்க்க விடுவாங்க, அதனால சந்தாவைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். ஸ்பைக்ஸ் மட்டும் இப்பவே வாங்கிடாதீங்க, முதல் கிராஸ் கன்ட்ரிக்கு எவ்வளவு நீள ஆணி போடணும்னு அங்க இருக்கிற பழைய ஆளுங்களைக் கேட்டுட்டு வாங்குங்க.