திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? 185 கி.மீ.க்கு ஏன் ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?

நேர்கோட்டில் சுமார் 185 கி.மீ. அட்டவணைப்படி ஏறத்தாழ ஒரு மணி நேரம். திருச்சியில் வீட்டை விட்டுக் கிளம்பி யாழ் நகரம் போய்ச் சேர ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். திருச்சி விமான நிலையம் 10.77 டிகிரி வடக்கு, 78.71 டிகிரி கிழக்கு. யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. தெற்கே இறங்குவது 108 கி.மீ. கிழக்கே போவது 149 கி.மீ. பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கில் 184 வரும். யாழ்ப்பாணம் நமக்கு நேர் தெற்கே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் தெற்கைவிடக் கிழக்கேதான் அதிகம் போகிறோம். வரைபடத்தில் கோடு இழுத்தால் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் கரை தாண்டும். பாதி தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து நிலம், மீதிப் பாதி பாக் நீரிணை. திருச்சியிலிருந்து சென்னையே வான்வழியில் 290 கி.மீ. இருக்கிறது. அதைவிட யாழ்ப்பாணம் கிட்டத்தில்! இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

இனி நேரம். 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ இந்த வழித்தடத்தைத் தொடங்கியது, ஓடுவது ஏடிஆர் 72. விசிறி வைத்த விமானம், உயரத்தில் மணிக்கு 500 கி.மீ. போல போகும். அந்த வேகத்தால் வகுத்துத்தான் தூரம் காட்டும் தளங்கள் இருபது சொச்சம் நிமிடம் என்கின்றன. அட்டவணை நேரமோ இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும். ஏறி முடித்துச் சீரான வேகத்தில் கொஞ்சம் பறப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். பலாலி ஓடுபாதையின் திசைக்கு ஏற்பத் திரும்பி வருவதும் சேரும். தூரம் குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கத்தின் பங்குதான் பெரிதாகும்.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். பாஸ்போர்ட்டோடு இலங்கைக்கான இ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதியையும் முன்னாடியே பார்த்து வையுங்கள். பலாலியிலிருந்து யாழ் நகரம் 17 கி.மீ. போல, வண்டியில் அரை மணிக்குச் சற்று மேல். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

டிக்கெட் கிடைக்கவில்லை என்று கொழும்பு வழியாகப் போக நினைத்தால் ஒருமுறை யோசியுங்கள். திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 415 கி.மீ., அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியில் ஏறக்குறைய 400 கி.மீ. ஒரு முழு இரவு பேருந்திலேயே போய்விடும். அதற்குச் சென்னை போய் அங்கிருந்து நேராகப் பலாலிக்குப் பறப்பது மேல், தூரம் 355 கி.மீ. போலத்தான். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் விமானம் எந்த நாளில் என்று பார்த்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுங்கள்.