கறுப்பு டக்ளஸ் வெறும் கொள்ளைத் தலைவரா?

கேள்வி: ஸ்காட்லாந்து விடுதலைப் போரில் வரும் 'கறுப்பு டக்ளஸ்', எல்லை ஊர்களைக் கொளுத்தியதைத் தவிர அரசியலில் என்ன செய்தார்?

பதில்: நிறையவே செய்தார். கறுப்பு டக்ளஸ் என்ற ஜேம்ஸ் டக்ளஸின் அப்பா இங்கிலாந்தை எதிர்த்ததால் லண்டன் கோபுரச் சிறையில் செத்தவர், குடும்பத்து நிலத்தையும் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் பிடுங்கி கிளிஃபர்ட் என்ற பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் 1306இல் ராபர்ட் புரூஸ் ஸ்காட்லாந்து ராஜாவாக முடிசூடக் கிளம்பியதும் இருபது வயதுவாக்கில் இருந்த டக்ளஸ் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். பிறகு ஒரு குருத்தோலை ஞாயிறன்று, காவல் வீரர்கள் சர்ச்சில் இருந்த நேரம் பார்த்துத் தன் அப்பாவின் கோட்டையையே தாக்கி, கிடங்கில் இருந்த மாவு, தானியம், மது எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, கைதிகளின் தலையையும் அதன்மேலேயே வெட்டித் தீ வைத்தார் என்கிறது பழைய வரலாற்றுப் பாடல். இதை வீரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கொடூரம்தான்.

ஆனால் கோட்டையைப் பிடித்துக் காவல் வைக்க புரூஸிடம் ஆள் கிடையாது, அப்படியே விட்டால் எதிரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வான். அதனால் பிடித்ததை இடித்துவிடுவதே கொள்கையானது. 1314 பிப்ரவரியில் டக்ளஸின் ஆட்கள் கறுப்புப் போர்வையில் மாடுகள் மாதிரி தவழ்ந்துபோய், கயிற்றேணி போட்டு ஏறிப் பிடித்த ராக்ஸ்பரோ கோட்டைக்கும் அதே கதிதான்.

1318இல் ஸ்கோன் நாடாளுமன்றம், சிறுவன் அரசனாக நேர்ந்தால் புரூஸின் தளபதி தாமஸ் ராண்டால்ஃப் காப்பாளர் (அரசன் சார்பில் நாட்டை ஆள்பவர்), அவர் இல்லையென்றால் டக்ளஸ் என்று முடிவு செய்தது. கொள்ளைக்காரனை நம்பி யாராவது நாட்டை ஒப்படைப்பார்களா? 1327இல் வட இங்கிலாந்தின் வியர்டேலில், 14 வயது இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்டின் முகாமுக்குள் ராத்திரியில் புகுந்து, ராஜாவின் கூடாரம் வரை போய்க் கலங்கடித்தார். அந்தப் படையெடுப்பில் கஜானாவும் காலியான இங்கிலாந்து, 1328இல் ஸ்காட்லாந்தைத் தனி நாடாக ஒப்புக்கொண்டது. அதில் டக்ளஸின் பங்கு பெரியது என்பேன்.

எனக்கு வருத்தமெல்லாம் அடுத்து நடந்ததில்தான். 1329இல் இறந்த புரூஸின் கடைசி ஆசைப்படி அவர் இதயத்தைச் சிலுவைப் போருக்குச் சுமந்துபோன டக்ளஸ், 1330இல் ஸ்பெயினின் தெபாவில் கிரானடா என்ற முஸ்லிம் அரசின் படையோடு மோதிச் செத்தார். 1332இல் காப்பாளராக இருந்த ராண்டால்ஃபும் போய்விட, சில வாரங்களிலேயே ஸ்காட்லாந்தின் டுப்ளின் மூரில் ஸ்காட்லாந்து படை நொறுங்கியது. அப்போது புரூஸின் மகனுக்கு எட்டு வயது. சட்டப்படி டக்ளஸ் நின்றிருக்க வேண்டிய இடம் அது.