டீயில் சீனிக்குப் பதில் அதிமதுரம் போடலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 47. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் பார்த்ததில் எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு 6.1 இருந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றார்கள். தினமும் ஐந்து டீ குடிப்பேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. மதிய வெயிலுக்கு சர்பத் அல்லது ரோஸ்மில்க். வெறும் தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. கருப்பட்டிக்கோ தேனுக்கோ மாறலாமா? அதிமதுரப் பொடி போட்டால் சீனியே தேவைப்படாது என்கிறாள் தோழி. இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமியாருக்கும் இதையே கொடுக்கலாமா?

பதில்: முதலில் அதிமதுர யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை: அந்த வேரில் சீனி சேர்க்காமலே நல்ல இனிப்பு உண்டு. ஆனால் அந்த இனிப்பைத் தரும் பொருளே சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் வேலையைத் தூண்டிவிடுகிறது. அதனால் உடலில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். ஒருபுறம் மாத்திரையால் இறக்குவதை மறுபுறம் டீயால் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது அன்றாடப் பானமாக ஆகவே கூடாது.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றில் மணம் இருக்கிறது, கொஞ்சம் தாது உப்புகளும் இருக்கின்றன. மற்றபடி அவையும் பெரும்பாலும் சர்க்கரைதான். இரத்தத்துக்கு நிறம் தெரியாது. தட்டையான ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். பத்துக் கரண்டி என்றால் டீயிலேயே 40 கிராம் ஆகிவிட்டது, சர்பத் கணக்கு தனி. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 25 கிராம்தான். தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில் அடக்கம்.

ஆகவே ஒரு இனிப்பை எடுத்துவிட்டு இன்னொரு இனிப்பைத் தேடாதீர்கள். சர்பத்தில் உங்களுக்குப் பிடித்ததில் பெரும்பங்கு நன்னாரியின் மணமாகத்தான் இருக்கும். சீனிப்பாகு அதைச் சுமந்து வரும் வண்டி. நாட்டு மருந்துக் கடையில் வேராகவே வாங்குங்கள். மண் போகக் கழுவி, லேசாகத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை நீக்கிவிட்டு, பட்டையை மட்டும் மண்பானைத் தண்ணீரில் இரவில் போட்டு வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வெறுமனே குடித்துப் பாருங்கள். மணம் மூக்கில் ஏறும்போது நாக்கு பாதி ஏமாந்துவிடும். வெட்டிவேரையும் சுத்தமான துணியில் முடிந்து இப்படியே போடலாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் வேரையும் மாற்றுங்கள், பானையைத் தேய்த்துக் காயவையுங்கள். பன்னீர் ரோஜாவும் மல்லிகையும் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பூக்கடையில் வாங்கிய பூ வேண்டவே வேண்டாம். அது தலையில் வைக்க வளர்த்தது, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

இன்னொரு வழி நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நெல்லிக்காயைக் கடித்துத் தின்றபின் தண்ணீர் குடித்தால் இனிக்கும். கடையில் இரண்டு காயை வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் தானாக இறங்கும். எலுமிச்சைத் துண்டும் புதினாவும் போட்ட தண்ணீர் நல்லதுதான். ஆனால் அதை நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் புளிப்பு பல் எனாமலை அரிக்கும், குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். நம் வெயிலில் நறுக்கிப் போட்ட தண்ணீரைக் காலையிலிருந்து மாலைவரை வெளியே வைத்திருக்கவும் கூடாது.

டீக்கு வருவோம். கடையில் நெடுநேரம் கொதித்த டீ துவர்க்கும், அந்தத் துவர்ப்பை மறைக்கத்தான் அத்தனை சீனி. வீட்டில் இஞ்சியையும் தட்டிய ஏலக்காயையும் முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பால் சேருங்கள். தூளைக் கடைசியில் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பாலில் இயற்கையாகவே கொஞ்சம் இனிப்பு உண்டு, துவர்ப்பு இல்லாவிட்டால் அது தெரியும். சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் நான்காம் நாள் பழைய கரண்டி திரும்பி வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். ஐந்து டீயில் இரண்டை சுக்குமல்லிக் காப்பியாக மாற்றலாம், கருப்பட்டி இல்லாமல். மல்லியைச் சற்று வறுத்துப் பொடித்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகத் தெரியும். அதனால்தான் ரோஸ்மில்க்கிலும் பாட்டில் பானங்களிலும் அவ்வளவு சீனி கொட்டுகிறார்கள், அதே பானம் சூடு ஏறியபின் திகட்டும். குளிர்ச்சிக்கு மோர்தான் சரி. சித்திரைத் திருவிழாப் பந்தல்களில் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள், நீங்கள் மோர்ப் பக்கம் போங்கள். வீட்டில் செய்யும்போது இஞ்சி, கறிவேப்பிலை, மல்லித்தழை, ஒரு சிட்டிகை பெருங்காயம் எல்லாம் தாராளமாகப் போடுங்கள். உப்பை மட்டும் பாதியாக்குங்கள், உங்கள் இரத்த அழுத்தத்துக்கு அது முக்கியம். பருத்திப்பால் பிடிக்குமென்றால் இனிப்பைக் குறைத்து வீட்டிலேயே காய்ச்சுங்கள். ஜிகர்தண்டாவைச் சீனி இல்லாமல் செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது ஒரு சின்ன டம்ளரை இரண்டு பேர் பகிர்ந்து குடியுங்கள், அதோடு விடுங்கள்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள்.

மாமியார் விஷயம் வேறு. நன்னாரித் தண்ணீரும் மோரும் அவருக்கும் ஏற்றவைதான். ஆனால் இதுவரை சீனி போட்ட டீ குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், அதே அளவு இன்சுலின் அவருக்கு அதிகமாகிப் போகலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டில் சீனி டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சர்க்கரை அளவைப் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.