மோர்ட்டல் காம்பாட் என்ற சண்டை வீடியோ ஆட்டத்தில் வரும் ரெப்டைல் வெறுமனே நிறம் மாற்றப்பட்ட நிஞ்சாதானே, அவனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் பிற்காலத்து ஆட்டங்களின் வழியாக ரெப்டைலை அறிந்தவர் என்று தோன்றுகிறது. அவற்றில் அவன் பலருள் ஒருவனாகத் தேர்வுத் திரையில் நிற்பதால் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் அந்த ‘வெறுமனே’ என்ற சொல்லைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் போக முடியவில்லை.

நிறம் மாற்றப்பட்டவன் என்பது உண்மை. 1992இல் மிட்வே நிறுவனத்துக்காக எட் பூனும் ஜான் டோபயஸும் முதல் ஆட்டத்தை உருவாக்கியபோது, டேனியல் பெசினா என்ற தற்காப்புக் கலைஞரை நிஞ்சா உடையில் படம்பிடித்து, அதே படங்களில் உடையின் நிறத்தை மட்டும் மாற்றி, மஞ்சளில் ஸ்கார்ப்பியனையும் நீலத்தில் சப்-ஜீரோவையும் ஆக்கினார்கள். ஆகவே நிறமாற்றம் குறை என்றால் அந்தக் குறை மூவருக்கும் பொது. மஞ்சளும் நீலமும் சேர்ந்த பச்சையில் வந்த ரெப்டைல், ஸ்கார்ப்பியனின் ஈட்டியையும் சப்-ஜீரோவின் உறைபனியையும் ஒருசேர வைத்துக்கொண்டு, இருவரையும் மிஞ்சிய வேகத்தில் தாக்குவான். ஸ்கார்ப்பியன் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அவனைத் தாழ்த்துவது என் நோக்கம் அல்ல.

நான் ரெப்டைலைச் சந்தித்தது என் அத்தை மகன் வீட்டுக் கணினியில். தேர்வுத் திரையில் இருந்தவர்கள் ஏழே பேர். அவர்களில் பச்சை நிஞ்சா இல்லை. ஆனால் சில சமயம் ஒரு சண்டை தொடங்கும் முன் அவன் திரையில் தோன்றி, புதிர்போல ஒரு குறிப்பைச் சொல்லிவிட்டு மறைந்துவிடுவான். அவனோடு மோதவே முடியாது, அது வெறும் அலங்காரம் என்று உடன் விளையாடியவர்கள் அடித்துச் சொன்னார்கள். அத்தை மகனோ வழி இருக்கிறது என்று நம்பினான். பிட் என்ற பாலத்துச் சண்டையில் நிலவின் குறுக்கே ஒரு நிழல் பறக்க வேண்டும். இரண்டு சுற்றுகளிலும் ஓர் அடிகூட வாங்காமல், தடுப்புப் பொத்தானை ஒருமுறையும் தொடாமல் வென்று, கடைசியில் தோற்ற எதிராளியைக் கொன்று முடிக்கும் ஃபேட்டாலிட்டி என்ற வித்தையும் போட வேண்டும் என்பதே அந்த வழி.

சப்-ஜீரோவை எடுத்துக்கொண்டு, எதிராளி பாயும் தருணத்தில் உறைய வைத்து, அருகே சென்று மேல்நோக்கி ஒரு குத்து விட்டு, உடனே பின்வாங்கும் முறையைப் பழகினேன். தடுக்கக் கூடாது என்ற நிபந்தனைதான் மிகக் கடினம், ஏனெனில் ஆபத்து வந்தால் விரல் தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். ஒரு விடுமுறை நாளில் எல்லாம் கூடிவந்து, பாலத்துக்குக் கீழே முட்கள் நிறைந்த பள்ளத்தில் அவன் என் எதிரே நின்றபோது, அத்தை மகன் போட்ட கூச்சலில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அந்தச் சண்டையில் நான் சடுதியில் தோற்றேன், ஆனாலும் அன்று முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வழிமுறையைத் தேடிப் படித்துவிட்டால் இதில் என்ன அதிசயம் என்று சிலர் கேட்கலாம். இன்றைய கண்ணுக்கு அப்படித் தோன்றலாம்தான். ஆனால் திரையில் இல்லாத ஒருவன் ஆட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறான் என்று ரெப்டைல் நிரூபித்த பிறகுதான், ஆட்ட இயந்திரத்தின் கணக்குப் பட்டியலில் இருந்த ‘எர்மாக்ஸ்’ என்ற ஒரு சொல்லை வைத்தே சிவப்பு நிஞ்சா ஒருவன் இருப்பதாக ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். அது நிரலின் பிழைகளைக் குறிக்கும் சொல்தான் என்றாலும், அந்த வதந்தியின் பலனாக 1995இல் எர்மாக் உண்மையான பாத்திரமாகவே வந்தான். இரண்டாம் ஆட்டத்தில் ஒளித்து வைக்கப்பட்ட ஸ்மோக், ஜேட், நூப் சைபாட் ஆகிய மூவரும் ரெப்டைல் போட்ட பாதையில் வந்தவர்களே.

அந்த 1993 ஆட்டத்தில் ரெப்டைலுக்கு அமில உமிழ்வு, மறைந்துபோகும் ஆற்றல் எனச் சொந்த வித்தைகள் கிடைத்தன. அழிந்த இனத்தின் எஞ்சியவன் என்ற கதையும் பிற்பாடு அமைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2019இல் வந்த பதினொன்றாம் ஆட்டத்தில் அவனை ஆடும் பாத்திரமாகச் சேர்க்காமல் விட்டார்கள். வெளியிலிருந்து டெர்மினேட்டரையும் ராம்போவையும் அழைத்து வர இடம் இருந்தது, இவனுக்கு இல்லை. அந்த விருந்தினர்களின் ரசிகர்கள் மன்னிக்கட்டும், இந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. 2023 ஆட்டத்தில் அவனைத் திரும்பக் கொண்டுவந்து, மனித உருவும் மனைவி மக்களை இழந்த துயரமும் கொடுத்திருக்கிறார்கள். அதை ஆடிப் பார்த்துவிட்டு மறுபடியும் இதே கேள்வியைக் கேட்பீர்களா என்று அறிய விரும்புகிறேன்.