கேம் நடுவே பிசி கவிழ்ந்தால்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் ஓர் ஒற்றுமை. பாகங்களின் பட்டியலைச் சீர்வரிசை மாதிரி அடுக்கியிருக்கிறீர்கள், கேபினட் விசிறியின் நிறம் வரைக்கும். பிரச்சினையை மட்டும் "கிராஷ் ஆகுது" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எனக்கு வேண்டியது தலைகீழ். எப்படி விழுகிறது? பட்டென்று அணைந்து தானே எழுகிறதா? விண்டோஸ் பிழை சொல்லி நிற்கும் நீலத்திரை வருகிறதா? கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிகிறதா? திரை கருத்துப்போய்ச் சத்தம் மட்டும் ஓடுகிறதா? நான்கும் வேறு வேறு நோய்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

கேள்வி: அக்கா, கேம் போட்ட பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பிசி டப்பென்று அணைந்து தானாகவே ஆன் ஆகிறது. நீலத்திரை கிடையாது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. பவர் சப்ளை போச்சா?

பதில்: அந்த 41ஐப் பார்த்தவுடனே புது பவர் சப்ளை வாங்க ஓடியவர்கள் நிறையப் பேர். அது காரணத்தைச் சொல்லும் பதிவே இல்லை. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை, மறுபடி எழுந்த பிறகு விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதேதான் வரும். பதிவைத் திறந்து விவரப் பகுதியில் 'பக்செக் கோடு' என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நீலத்திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை: மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது ஹார்டுவேர் அப்படியே உறைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்துதான் இருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை. அங்கே எண் தசமத்தில் இருக்கும். 292 என்று இருந்தால் நீலத்திரை காட்டும் ஹெக்ஸாடெசிமல் (பதினாறின் அடிமானக்) கணக்கில் அது 124, அதாவது ஹார்டுவேரே பிழை சொல்கிறது. சிஸ்டம் அமைப்பில் 'தானாக ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை திரை நின்று பேசும்.

உங்களுக்குப் பூஜ்யம் இருந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மீதுதான். ஆனாலும் வாங்கும் முன் வயரைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் உள்ள இரண்டு 8 பின் துளைகளுக்கும் ஒரே வயரிலிருந்து கிளை பிரிந்த தலைகளைச் செருகியிருக்கிறீர்களா? ஒரு 8 பின் கனெக்டரின் கணக்கு 150 வாட். இரண்டுக்கான பாரத்தையும் ஒரே வயர் சுமக்கிறது. பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் இழுங்கள். அடுத்து, கேமில் ஃபிரேம் அளவை 60க்குக் கட்டிப்போட்டு, கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி விளையாடுங்கள். இரண்டு மணி நேரம் விழாமல் ஓடினால் பவர் சப்ளையைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

கேள்வி (அவரே): 750 வாட் போட்டிருக்கிறேன் அக்கா. கால்குலேட்டரில் 520தான் வருகிறது. எப்படிப் போதாமல் போகும்?

பதில்: கால்குலேட்டர் சொல்வது சராசரி. பெரிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதில், தன் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுத்துவிட்டு இறங்கிவிடும். மென்பொருள் மீட்டர் எதுவும் அதைக் காட்டாது. பவர் சப்ளைகளுக்காக 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, தன் அளவைப் போல 200 சதவீதத்தை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்று எழுதியதே இதற்காகத்தான். அதற்கு முந்தைய பவர் சப்ளை நல்ல தரமாகவே இருக்கலாம், இந்தக் குத்தலைப் பார்த்து 'ஏதோ ஷார்ட்' என்று நினைத்துத் துண்டித்துக்கொள்கிறது. இன்னொரு துப்பு: பாதுகாப்பு வெட்டிவிட்டால் சில பவர் சப்ளைகள் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போடும்வரை எழாது. உங்களுடையது தானே எழுகிறது என்பதால், வோல்டேஜ் ஒரு கணம் சரிந்து மதர்போர்டு ரீசெட் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு.

சண்டைக் காட்சியில் விழாத பிசி மெனுவில் விழுவதும் இதே கதையாக இருக்கலாம். மெனுவில் வரைய ஒன்றுமில்லை என்பதால் கட்டுப்பாடில்லாத கார்டு வினாடிக்குப் பல நூறு ஃபிரேம் தள்ளிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ப்ரோ, எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீலத்திரை. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், ஒருநாள் ஐ.ஆர்.க்யூ.எல்., ஒருநாள் சவுண்டு டிரைவர் பெயர். எல்லா டிரைவரையும் மாற்றிவிட்டேன்.

பதில்: ப்ரோ இல்லை, அக்கா. போகட்டும். குற்றவாளி தினம் ஒரு பெயர் சொல்கிறான் என்றால் அந்தப் பெயர்களை நம்பாதீர்கள். ராமில், அதாவது மெமரி ஸ்டிக்கில், ஒரு பிட் புரண்டால், அந்த இடத்தில் அப்போது யார் உட்கார்ந்திருந்தாரோ அவர் மேல் பழி விழும். இன்றைக்கு சவுண்டு டிரைவர், நாளைக்கு வேறொருவர்.

பயாஸுக்குள் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய், ராமை டப்பாவில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை அணையுங்கள். டப்பாவில் 6000 என்று அச்சிட்டிருக்கிறதே என்பீர்கள். அது ராம் தயாரித்தவர் தன் ஸ்டிக்குக்குக் கொடுத்த வாக்கு. உங்கள் ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலர் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. எக்ஸ்.எம்.பி. என்றாலே ஓவர்கிளாக்தான் (அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது), ஒரே கிளிக்கில் நடப்பதால் யாரும் அப்படி நினைப்பதில்லை. ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு ஸ்டிக் என்றால் 3600. வித்தியாசத்தைப் பாருங்கள். நான்கு துளையையும் நிரப்பினால் அழகாகத்தான் இருக்கும், வண்ண விளக்கும் எரியும். டி.டி.ஆர். 5இல் இரண்டோடு நிறுத்திக்கொள்வதே என் பழக்கம். அந்த இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளையில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடியைக் கலந்திருந்தால், பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், ஒரு ஜோடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு பென்டிரைவிலிருந்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86ஐ ராத்திரி ஓட விடுங்கள், நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஆயிரம் கோடி பிட்டில் ஒன்றுதானே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பிழையே வரவில்லை என்பதும் முழு விடுதலை அல்ல. சோதனையின்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது. கேமில் அது கக்கும் சூட்டில்தான் பக்கத்தில் இருக்கும் ராம் வேகிறது.

கேள்வி: ரைசன் 7000, விளையாடும்போது 95 டிகிரி. அதனால்தான் விழுகிறதா?

பதில்: இல்லை. அந்த வரிசை 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. இன்டெலில் பல சில்லுகளுக்கு அந்த எல்லை 100. எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விழாது. வேகம் குறைந்த பிறகும் ஏறிக்கொண்டே போனால்தான் அணையும். அப்படி நடந்தால் கூலரைக் கழற்றி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானும் ஒருமுறை உரிக்காமல் மாட்டியிருக்கிறேன்.

கேள்வி: திரை கருப்பாகிவிடும், நண்பர்கள் பேசுவது ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். கார்டின் விசிறி மட்டும் விமானம் மாதிரி கத்தும். ரீசெட் அழுத்தினால்தான் வழி.

பதில்: பிசி உயிரோடு இருக்கிறது, கார்டு மட்டும் போய்விட்டது. விண்டோஸ் கார்டிடம் ஒரு வேலை கொடுத்து, இரண்டு வினாடிக்குள் பதில் வராவிட்டால் டிரைவரை எழுப்பிப் பார்க்கும். எழுந்துவிட்டால் ஈவென்ட் வியூவரில் 4101 என்று ஒரு குறிப்போடு முடியும். எழாவிட்டால் உங்கள் நிலைமை. அந்த இரண்டு வினாடியை ரெஜிஸ்ட்ரியில் பத்தாக்கு என்று சொல்லும் வீடியோக்கள் உண்டு. மயங்கி விழுந்தவர் எழுவதற்குக் கூடுதல் நேரம் தருவது வைத்தியம் ஆகாது.

விசிறி முழு வேகத்தில் கத்துவது, கார்டு தன் கட்டுப்பாட்டையே இழந்துவிட்டதைக் காட்டுகிறது. அதனால் டிரைவருக்கு முன்பு வயரைப் பார்க்கிறேன். 16 பின் கனெக்டர் என்றால் க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்தி, இடைவெளி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் திரும்பச் செருகாதீர்கள். கார்டை நிமிர்த்தி நிற்கவைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக மதர்போர்டில் செருகுங்கள், அல்லது பயாஸில் அந்தத் துளையை பி.சி.ஐ.இ. ஜென் 3 என்ற பழைய வேகத்துக்கு இறக்குங்கள். மூன்றாவதாக, கார்டுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது) எல்லாவற்றையும் எடுங்கள். இத்தனைக்கும் பிறகுதான் டிரைவர்: சேஃப் மோடில் டி.டி.யூ. என்ற டிரைவர் நீக்கும் கருவியைப் போட்டுப் பழையதைத் துடைத்துவிட்டு, புதியதில் விழுந்தால் முந்தைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கேம் தொடங்கும்போது ஷேடர் கம்பைல் ஆகுமே, அந்த இடத்திலேயே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வெளியே தள்ளுகிறது. கார்டில் 16 ஜிபி இருக்கிறது மேடம்!

பதில்: ப்ராசஸர் எது என்று எழுதவே இல்லையே! ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் குறுநிரல்) கம்பைல் ஆவது ப்ராசஸரின் வேலை, எல்லாக் கோர்களும் முட்டி மோதி உழைக்கும் நேரம் அது. அன்ரியல் எஞ்சின் கேம்களில் இந்த இடத்தில் ப்ராசஸர் தப்புக் கணக்குப் போட்டால், அந்தப் பழி வீடியோ மெமரி மேல் விழுவது தெரிந்த விஷயம்.

உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லு என்றால் கவனமாகப் படியுங்கள். அவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் ஏறி, சில்லு நாளடைவில் தேய்ந்துபோவதை இன்டெலே 2024இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 129 என்ற மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் நிரல்), செப்டம்பரில் 12பி, அதன் பிறகும் திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. தேய்மானத்தை அவை தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. சோதிக்க எளிய வழி: பயாஸில் பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரேஷியோவை இரண்டு மூன்று படி இறக்குங்கள். அதே கேம் ஓடிவிட்டால் கார்டு நிரபராதி. அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தப் பிரச்சினைக்காக வாரண்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, சில்லை மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ரைசனின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 கொடுத்தேன். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு நாள் முழுக்க ஓடியது. ஆனால் ஒரு சின்ன இரண்டு பரிமாண கேமில் ரீஸ்டார்ட் ஆகிறது!

பதில்: எல்லாக் கோரும் உழைக்கும்போது வேகம் தாழ்ந்திருக்கும், அப்போது குறைந்த வோல்டேஜ் போதும். சின்ன கேமில் ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் துள்ளுகிறது. அங்கேதான் நீங்கள் பிடுங்கிய வோல்டேஜ் தேவைப்படுகிறது. ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' 18 என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவு இருக்கும். அதிலேயே எந்தக் கோர் என்று அடையாளம் காட்டும் ஏ.பி.ஐ.சி. எண்ணும் இருக்கும். அந்தக் கோருக்கு மட்டும் பத்துப் படி திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: ராம் சந்தேகம் தீரும் முன் போடாதீர்கள். கெட்ட ராமில் போட்ட விண்டோஸ் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறக்கும்.

கேள்வி: பவர் சப்ளையை மாற்றப் போகிறேன். வயர்களெல்லாம் அழகாகக் கட்டியிருக்கிறேன். பழைய வயரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடவே கூடாது! பாகங்கள் பக்கம் இருக்கும் தலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கம் இருக்கும் தலைக்குப் பொதுவிதியே கிடையாது, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறலாம். பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். இந்தச் சோம்பலுக்கு நான் கொடுத்த விலை இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் ஆறு வருஷத்துப் புகைப்படங்கள் இருந்தன. புதுப் பெட்டியோடு வரும் வயரையே போடுங்கள்.

கேள்வி: போன வாரம் நீங்கள் சொன்னபடி பயாஸ் அப்டேட், டி.டி.யூ., எக்ஸ்.எம்.பி. ஆஃப், தனி வயர், எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டேன் அக்கா. ஒரு வாரமாக விழவே இல்லை. நன்றி! அப்போ பிரச்சினை எதில் இருந்தது?

பதில்: அதை இனி எப்படிச் சொல்வது தம்பி? நான்கையும் ஒரே நாளில் செய்துவிட்டீர்களே. இப்போது உங்கள் ராம் வாங்கிய வேகத்தில் ஓடவில்லை, அது தேவையில்லாத நஷ்டமாகவும் இருக்கலாம். இன்று எக்ஸ்.எம்.பி.யை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். மூன்று நாள் விளையாடுங்கள். விழுந்தால் எப்படி விழுந்தது என்று எழுதுங்கள். விசிறியின் நிறம் வேண்டாம்.