அங்கன்வாடி கிராஜுவிட்டி: அம்மாவுக்கு கிடைக்குமா?

வணக்கம் சிஸ்டர், உங்க அம்மா 28 வருஷம் அங்கன்வாடில டீச்சரா இருந்து 2023ல ரிடையர் ஆனாங்க, ஒட்டுமொத்தத் தொகை குடுத்தாச்சு, கிராஜுவிட்டி (பணிக்கொடை)லாம் கிடையாது, நீங்க அரசு ஊழியரே இல்லனு ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்கனு போட்டிருந்தீங்க.

அவங்க சொல்றது பாதிதான் சரி. அங்கன்வாடி வேலை அரசுப் பதவி இல்லனு 2006ல ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, ஆனா 2022 ஏப்ரல் 25ல குஜராத் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பணியாளர் உதவியாளர் ரெண்டு பேருக்கும் 1972 கிராஜுவிட்டி சட்டம் பொருந்தும், மதிப்பூதியம்னு பேர் வச்சாலும் அது சம்பளம்தான்னு. காலைல புள்ளைங்களுக்கு பாட்டு சொல்லிக்குடுத்து, மத்தியானம் சோறு போட்டு, எடை பாத்து, சாயங்காலம் ரிஜிஸ்டர் எழுதினா அது சேவையாம், என்ன நியாயமோ!

கணக்கு இதுதான்: கடைசி மாச அடிப்படைச் சம்பளம் ப்ளஸ் அகவிலைப்படி, அதை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். நீங்க சொன்ன 12,000னு வச்சா 28 வருஷத்துக்கு சுமாரா 1.94 லட்சம் வருது.

கிராஜுவிட்டி கேக்குற விண்ணப்பமான படிவம் ‘I’ (Form I) நிரப்பி, முதல் நியமன ஆணை, விடுவிப்பு ஆணை, கடைசி சம்பள விவரம் மூணுக்கும் ஜெராக்ஸ் வச்சு வட்டார சிடிபிஓவுக்கு (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்) ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க. ஒப்புகை அட்டை பத்திரம். லேட் ஆச்சுனு மட்டும் காரணம் சொல்லி தள்ள முடியாது, தாமதத்துக்கு காரணம் எழுதிடுங்க. மறுத்தாலோ பதிலே வரலனாலோ தொழிலாளர் துறைல கிராஜுவிட்டி கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட படிவம் ‘N’ (Form N) போடலாம். வாய்வார்த்தையா இல்லனு சொன்னா கிளம்பி வந்துடாதீங்க, எழுத்துல கேளுங்க.