ரேடாருக்கு நுண்ணலை எதற்கு?

கேள்வி: கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் எங்கள் ஊர் வரை தெளிவாகக் கேட்கிறது. அப்படியிருக்க, ரேடாருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக்கும் மழையில் தடைபடும் நுண்ணலைகளை (மைக்ரோவேவ் எனப்படும் மிகக் குறுகிய ரேடியோ அலைகளை) தேடிப் போவது ஏன்? – வாசகர், உசிலம்பட்டி.

பதில்: பண்பலை எல்லாத் திசைகளிலும் பரவ வேண்டும்; ரேடாரோ ஒரு திசையை மட்டும் குறிவைக்க வேண்டும். கொடைக்கானல் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் நீளம் 3 சென்டிமீட்டர். ஆன்டெனாவின் அகலம் அலைநீளத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தே கற்றை ஒடுங்கும் என்பதால், 1 மீட்டர் விட்டமுள்ள டிஷ்ஷிலேயே நுண்ணலையை ஏறத்தாழ 2 டிகிரிக் கற்றையாகக் குவித்துவிடலாம். பண்பலையில் அதே கூர்மையைப் பெற 100 மீட்டர் டிஷ் வேண்டும். அதை விமானத்தின் மூக்கில் எப்படிப் பொருத்துவது?

மேலும், பொருளில் பட்டுத் திரும்பி வரும் அலையைக் கொண்டே ரேடார் அதைக் கண்டறிகிறது. ஆனால் தெப்பக்குளத்துப் பேரலை நட்டுவைத்த குச்சியைப் பொருட்படுத்தாமல் கடப்பதுபோல, நீண்ட அலைகள் சிறிய பொருள்களிலிருந்து போதிய அளவு திரும்பி வருவதில்லை. 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இயற்பியலாளர்கள் உருவாக்கிய மேக்னெட்ரான் என்ற நுண்ணலை உற்பத்திக் குழல், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலைகளைப் பெரும் ஆற்றலுடன் வெளியிட்ட பிறகுதான், விமானத்தில் ஏற்றக்கூடிய கூர்மையான ரேடார் கைகூடியது. (கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு ஆய்வு செய்திருந்தார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

தகவல் தொடர்பில் அதிர்வெண் இடவசதியே பெரிய ஆதாயம். மத்திய அலை வானொலி நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, 10 கிகாஹெர்ட்ஸில் வெறும் ஒரு சதவீதமே 100 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது. சிற்றலை வானொலி அலைகளைப் பூமிக்கே திருப்பிவிடும், மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றப் படலமான அயனி மண்டலத்தையும் நுண்ணலைகள் ஊடுருவிச் செல்வதால் செயற்கைக்கோளை எட்டுகின்றன. தரையில் மட்டும் அவற்றுக்கு நேர்ப்பார்வை வேண்டும். இடையே நாகமலை போன்ற குன்று குறுக்கிட்டால் தொடர்பு அறுந்துவிடும்.

மழையைப் பற்றிய உங்கள் குறை நியாயமானதே. வீட்டு டிஷ் வாங்கும் 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. அந்தச் சிதறலே வானிலை ரேடாருக்கு மூலதனம். ஆனால் அருகிலுள்ள மழை அலையை விழுங்கி, அதற்கு அப்பாலுள்ள புயலை மறைத்துவிடக் கூடாதென்பதற்காகச் சென்னைத் துறைமுகப் பகுதியிலுள்ள புயல் கண்காணிப்பு ரேடார், மழையில் அவ்வளவாக நலியாத 10 சென்டிமீட்டர் அளவிலான அலைகளைப் பயன்படுத்துகிறது.